'அங்கிள்'ங்கிற வார்த்தைக்கு ஒரிஜினல் அர்த்தம் என்ன? எங்க இருந்து வந்துச்சு?

தாய்மாமன். அம்மாகூடப் பொறந்தவர் மட்டும்தான், சித்தப்பா பெரியப்பாவுக்கெல்லாம் அதுல இடமே இல்ல.

லத்தீன்ல 'அவுஸ்'னா தாத்தா, அதையே செல்லமா சொன்னா 'அவுங்குலுஸ்', குட்டித் தாத்தான்னு வச்சுக்கோங்க, ரோமானியர்கள் தாய்மாமனை அப்படித்தான் சொன்னாங்க. அப்பாகூடப் பொறந்தவருக்கு 'பத்ருவுஸ்'னு தனி வார்த்தை. போகப் போக பத்ருவுஸ் வழக்குல இருந்து போயிடுச்சு, ரெண்டு பேருக்கும் அவுங்குலுஸே பொதுவாகி, பிரெஞ்சுல தேஞ்சு 'ஓங்க்ள்' ஆகி, 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சதுக்கு அப்புறம் அவங்க பிரெஞ்சோட சேர்ந்து இங்கிலீஷுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு.

வெள்ளைக்காரனுக்கு சொந்தபந்தமே கிடையாது, அதான் எல்லாருக்கும் ஒரே அங்கிள்னு ஒரு பேச்சு இருக்குல்ல, அது சும்மா வாட்ஸ்அப் பெருமைங்க. பழைய இங்கிலீஷ்ல தாய்மாமனுக்கு 'ஏயம்', அப்பாகூடப் பொறந்தவருக்கு 'ஃபேடெரா', அத்தைக்கு ஒண்ணு, சித்தி பெரியம்மாவுக்கு ஒண்ணுன்னு நாலு வார்த்தை இருந்துச்சு (நம்மள மாதிரி மூத்தவங்க இளையவங்கன்னு பிரிக்கல, அவ்ளோதான்). டாசிடஸ்னு ஒரு ரோமானியர் கி.பி. 98 வாக்குல ஜெர்மானிய இனங்களைப் பத்தி எழுதினப்போ, அக்கா தங்கச்சி பசங்களுக்கு அப்பன்கிட்ட என்ன மதிப்போ அதே மதிப்பு மாமன்கிட்டயும் உண்டுன்னு எழுதி வச்சிருக்கார், மாமன்னு சொல்ல அவர் போட்டதும் இதே அவுங்குலுஸ்தான். இங்கிலாந்துங்கிற பேருக்கே காரணமான ஆங்கிள் இனமும் அவர் லிஸ்ட்ல இருக்கு. அவங்களுக்குத் தூரத்துச் சொந்தமான ஸ்வீடன்காரங்க இன்னிக்கும் மாமனை 'மூர்ப்ரூர்', சித்தப்பா பெரியப்பாவை 'ஃபார்ப்ரூர்'னு பிரிச்சுத்தான் கூப்பிடுறாங்க.

ஆன்ட்டி கதையும் இதேதான், லத்தீன்ல 'அமிதா', அப்பாகூடப் பொறந்த அத்தை மட்டும். ஆக பக்கத்து வீட்டு அங்கிள் ஆன்ட்டி, ஒரிஜினல் கணக்குப்படி ஒருத்தர் தாய்மாமன், இன்னொருத்தர் அத்தை.

இதைவிட சுவாரஸ்யம் 'கசின்'. அதோட லத்தீன் மூலம் 'கொன்சோப்ரீனுஸ்', ஆரம்பத்துல அக்கா தங்கச்சிக்குப் பொறந்த பிள்ளைங்களை மட்டும்தான் குறிச்சுச்சு, அப்புறம்தான் எல்லாப் பக்கத்துக்கும் பரவுச்சு. அதாவது நம்ம ஊர்ல அண்ணன் தங்கச்சி முறை வர்ற சித்தி பெரியம்மா பிள்ளைங்க. மாமன் பொண்ணு, அத்தை பையன் அதுல வரவே மாட்டாங்க.