பதினோராம் எண் கூண்டு

அன்புள்ள அக்கா,

புதுச்சேரியில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். சென்ற வாரம் நண்பர்கள் சிலர் சேர்ந்து பீட்டர் வாட்கின்ஸ் இயக்கிய 'தி வார் கேம்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்தோம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் மக்களுக்கு என்ன ஆகும் என்பதை ஐம்பது நிமிடத்துக்குள் காட்டும் படம். 1965இல் பிபிசிக்காக எடுக்கப்பட்டு பிபிசியாலேயே நிறுத்திவைக்கப்பட்டது. பார்த்த பிறகு இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கமில்லை.

சில ஐயங்கள். எல்லாமே நடித்துக் காட்டப்பட்டது என்னும்போது இதை ஆவணப்படம் என்று எப்படிச் சொல்வது? படம் வந்து அறுபது ஆண்டுகள் ஆகியும் அப்படி எதுவும் நடக்கவில்லையே, அப்படியானால் இது வெறும் பயமுறுத்தல்தானே? இங்கிலாந்துக்காரர்களின் கெட்ட கனவு புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உடன் பணிபுரிகிறவர்கள் கேட்கிறார்கள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைத் திரையிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன், புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மீன் வாங்க முதுநகர் போனவள், பையைக் கையில் பிடித்தபடி உப்பனாற்றுக் கரையில் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம். அதில் 'பயமுறுத்தல்' என்ற சொல். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் முதல் கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. 1967இல் அதற்குச் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. நடித்தவர்கள் கென்ட் பகுதியின் சாதாரண மக்கள். அவர்கள் நடித்துக் காட்டியதெல்லாம் டிரெஸ்டனிலும் ஹாம்பர்க்கிலும் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் ஏற்கெனவே மனிதர்களுக்கு நடந்தவை. அந்த ஊர்களின் கதியை வைத்துத்தான் வாட்கின்ஸ் காட்சிகளை அமைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஊரை மட்டும் மாற்றினார். எனக்கு அது போதும். வகை பிரிக்கிற வேலையை வேறு யாராவது செய்துகொள்ளட்டும்.

இரண்டு இரவு தூங்கவில்லை என்கிறீர்கள். எந்தக் காட்சி உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதவில்லையே. எனக்கு அந்த வாளி. இறந்தவர்களின் விரல்களிலிருந்து கழற்றிய திருமண மோதிரங்களை ஒரு வாளியில் போட்டுவைத்திருப்பார்கள், பிறகு அடையாளம் காண்பதற்காக. நான் அந்தப் படத்தை முதலில் பார்த்தது 2006இல். வாளி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று மாலை, தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குத் துணையாகப் பிணவறை வாசலில் நின்றவள் நான். முகத்தை வைத்து அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. காலைத்தான் பார்த்தார். இரண்டாவது விரலில் இருந்த மெட்டி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கம்பியாக மெலிந்திருந்தது. இருபது ஆண்டுகளாக மீன்கூடையோடு நடந்து தேய்ந்த மெட்டி. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இவள்தான்" என்றார். இதை நீங்கள் எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

அது கிடக்கட்டும். என் கோபம் உங்கள் இரண்டாவது கேள்வியின் மேல்தான். 'அறுபது ஆண்டுகள் ஆகியும் எதுவும் நடக்கவில்லையே.' சமூக அறிவியல் நடத்துகிற ஓர் ஆசிரியர் இப்படி எழுதலாமா?

என் அப்பா துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் வேலையில் இருந்தார். சென்னையிலிருந்து தகவல் வரும், அதிகாரி எண்ணைச் சொல்வார், அப்பா கயிற்றை இழுப்பார். இரும்புச் சட்டத்துக்குக் கறுப்புத் துணி போர்த்திய கூம்பும் உருளையும் ஆடி ஆடி மேலே போகும். இரவென்றால் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். மழையில் நனைந்து ஊறிய கயிறு கையை அறுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அப்பாவின் உள்ளங்கையில் குறுக்காகச் சிவந்த கோடு இருக்கும். அம்மா அதில் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். அந்தக் கையோடுதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவார்.

மீன் விற்கும் பாட்டி ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகள், மூவரும் கடலுக்குப் போகிறவர்கள். கூண்டு ஏறினால் கட்டுமரம் இறங்காது, அன்றைக்கு வீட்டில் உலை வைக்க வழியில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். "எங்கள் வயிற்றில் அடிக்கத்தானே இந்த வேலைக்கு வந்தாய்!" என்பாள். ஒரு கார்த்திகையில் நான்கு நாள் கூண்டு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் புயல் வடக்கே திரும்பி ஆந்திரக் கரையில் ஏறிவிட்டது. நம் பக்கம் ஓர் ஓலைகூட அசையவில்லை. அன்று அவள் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அடுத்த நாளிதழில் அங்கே செத்தவர்களின் கணக்கு வந்தது. அதையும் அவர் அவளிடம் காட்டவில்லை. அடுத்த தகவல் வந்ததும் மறுபடி போய்க் கயிற்றை இழுத்தார்.

தம்பி, அவ்வளவு ஏசிய அந்தப் பாட்டி, கூண்டு ஏறிய ஒரு நாளில்கூடத் தன் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பியதில்லை. விடிவதற்கு முன் கம்பத்தடியில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

புயல் திரும்பிப் போய்விட்டது என்பதற்காகக் கூண்டு ஏற்றியவனைப் பொய்யன் என்பீர்களா? இந்த அறுபது ஆண்டில் அணுகுண்டு விழாமல் போனதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. சில சமயம் அந்தக் காரணம் ஒரே ஒரு மனிதன். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்கு அருகே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பியது என்று செயற்கைக்கோள் சொன்னது. பிறகு ஐந்து என்றது. உண்மை என்று மேலே சொல்லியிருந்தால் பதிலடிக்கான ஏற்பாடு தொடங்கியிருக்கலாம். போர் தொடுக்கிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடா தொடங்குவான் என்று யோசித்தார். கருவிக் கோளாறு என்று அறிக்கை கொடுத்தார். மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் தீயென்று எண்ணியிருக்கிறது. அந்த இரவில் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால்?

ரஷ்யாவுக்குப் போக வேண்டாம். 2022 மார்ச் 9ஆம் தேதி மாலை நம் நாட்டின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு என்ற ஊரருகே போய் விழுந்தது. பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று நம் அரசே அறிவித்தது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவரைப் பணிநீக்கம் செய்தார்கள். வெடிபொருள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கிற நாடுகள், நடுவே சில நிமிடப் பறப்பு. அன்று மாலை நீங்களும் நானும் டீ குடித்துக்கொண்டிருந்திருப்போம். 'எதுவும் நடக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன் அந்த மாலையை ஒரு முறை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

புதுச்சேரிக்கு இது எதற்கு என்று கேட்ட உங்கள் நண்பர்களுக்கும் ஒரு தகவல். பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது 1960 பிப்ரவரி 13 அன்று, அல்ஜீரியாவில் ரெகான் என்ற ஊரருகே, சகாரா பாலைவனத்தில். ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல். புதுச்சேரி 1954இலேயே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது என்றாலும் சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அதாவது அந்தக் குண்டு வெடித்த காலையில், காகிதத்தின்படி உங்கள் ஊர் பிரெஞ்சு மண். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து அந்த ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்கள் உங்கள் தெருவிலேயே இருக்கும். அணுச் சோதனைகளால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தை பிரான்ஸ் கொண்டுவந்தது 2010இல், ஐம்பது ஆண்டு கழித்து. வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

மறுபடி கூண்டுக்கே வருகிறேன், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்தாம் எண்தான் பெரிய அபாயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பத்து என்றால் கடும் புயல் இந்தத் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கரையேறப்போகிறது என்று பொருள். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, பதினோராம் எண். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று இங்கிருக்கும் அதிகாரி கருதுகிறார் என்பதற்கு அந்தக் கூண்டு. சிறுமியாக இருந்தபோது அப்பாவிடம் எந்த எண்ணுக்கு அதிகம் பயப்படுவீர்கள் என்று கேட்டேன். "பதினொன்று" என்றார். "பத்து என்றால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். பதினொன்றில் அதுவும் தெரியாது." அவர் ஓய்வுபெறும்வரை அதை ஏற்றவில்லை.

2004இல் சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரையைத் தொட்டபோது எட்டரை தாண்டியிருந்தது. இரண்டு மணி நேரம். வானம் தெளிவாக இருந்தது, எந்தக் கூண்டும் ஏறவில்லை. இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையமே அப்போது கிடையாது, ஹைதராபாத்தில் அது வந்தது 2007இல். அந்த மெட்டியின் சொந்தக்காரி எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாளாம். யாராவது அவளைப் பயமுறுத்தியிருக்கக் கூடாதா!

இப்போது பிபிசி செய்ததைப் பாருங்கள். 1965 நவம்பரில், ஒளிபரப்ப முடியாத அளவுக்குக் கொடூரமான படம் என்று அறிவித்தார்கள். வெளியிலிருந்து நெருக்கடி இல்லை, எங்கள் முடிவுதான் என்றார்கள். அதற்கு முன்பே அரசின் உயர் அதிகாரிகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தது பின்னர் வெளிவந்த ஆவணங்களில் இருக்கிறது. திரையரங்குகளிலும் சங்கங்களிலும் காட்டப்பட்டது, வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. கடைசியில் தொலைக்காட்சியில் வந்தது 1985 ஜூலை 31 அன்று. நடுவே 1980இல் பிரிட்டிஷ் அரசு மக்களுக்கு ஒரு கையேடு போட்டது. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்து முதல் இரண்டு நாள் அதன் அடியில் ஒளிந்திருங்கள், பதினான்கு நாள்வரை அந்த அறையை விட்டு வராதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்ற படம் அலமாரியில், கதவைச் சாய்த்துவைக்கும் யோசனை மக்கள் கையில். தனியாக இருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் பயந்துவிடுவார்கள் என்ற கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கவலைக்கு இருபது ஆண்டு இருட்டு தேவையில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தைத் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. பொக்ரான் சோதனைகளுக்குப் பின் ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'வார் அண்ட் பீஸ்' படத்துக்கு நம் தணிக்கைக் குழு 21 வெட்டுகள் கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் போய்த்தான் அவர் வெட்டில்லாமல் மீட்டார்.

உங்கள் ஒன்பதாம் வகுப்பை மறந்தே போனேன். வேண்டாம் தம்பி, அவர்களுக்கு இதைப் போடாதீர்கள். பிழைக்க வழியில்லாத காயக்காரர்களைக் காவலர்கள் சுடும் காட்சி பதினான்கு வயதுக்கு அதிகம். கூண்டிலேயே ஒன்றிலிருந்துதானே தொடங்குகிறார்கள். அவர்களுக்கு ஹிரோஷிமாவின் வரைபடத்தைக் காட்டுங்கள், பெத்ரோவின் கதையைச் சொல்லுங்கள், ரெகானைச் சொல்லுங்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் படத்தைப் போடுங்கள், பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் போட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். காலையில் போடுங்கள், அடுத்த இரண்டு வகுப்புகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அழுகிற பிள்ளை அழட்டும், கேட்கிற பிள்ளை கேட்கட்டும், நீங்கள் அறையை விட்டுப் போகாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் கடலூருக்கு அழைத்துவாருங்கள். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதுநகரில் நான் நிற்கிறேன். கார்த்திகையில் வந்தால் கம்பத்தில் ஏதாவது ஓர் எண் இருக்கும்.

அன்புடன்,
அக்கா