மல்பெரியில் பஞ்சு, ஸ்ட்ராபெரியில் புள்ளி

கேள்வி: அக்கா, மொட்டை மாடியில் நீல டிரம்மில் மல்பெரி வைத்திருக்கிறேன். போன வருஷம் கை நிறையப் பழம் கொடுத்தது. இப்போது கிளை நுனி தடித்து, இலை சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கிறது. எறும்பும் ஏறுகிறது. பக்கத்துத் தொட்டி ஸ்ட்ராபெரி இலையில் பொடிப்பொடியாய் வெளுத்த புள்ளிகள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து சொல்லுங்கள்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சேர்த்துச் சொல்ல மாட்டேன், இரண்டும் வேறு வேறு ஆள். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவீர்களா? இலையையும் முதலில் திருப்பிப் பாருங்கள்.

மல்பெரியில் இருப்பது மாவுப்பூச்சி. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இந்தச் சுருட்டலை 'டுக்ரா' என்பார்கள். சுருண்ட நுனிகளை வெட்டி, கவரில் முடிந்து வெயிலில் போடுங்கள். வெட்டினால் மல்பெரி கோபித்துக்கொள்ளாது. புதுத் தளிரோடு காயும் வரும். நுனிகளை மாடியிலிருந்து கீழே வீச வேண்டாம், பக்கத்து வீட்டுச் செம்பருத்தியிலும் ஏறிவிடும். எறும்பு வருவது பூச்சியைத் தின்ன அல்ல. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக வந்து, அதற்குக் காவலும் இருக்கிறது. தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவுங்கள். கிளை சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்மைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தும் யோசனை மட்டும் வேண்டாம். கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி ஆளிடம் யார் திட்டு வாங்குவது?

அப்புறம், அந்தப் பஞ்சுக்குள் ஒன்றிரண்டு மட்டும் பெரிதாக, உடம்பெல்லாம் குஞ்சம் வைத்தது போல இருந்து, குச்சியால் தொட்டதும் விறுவிறுவென்று நகர்ந்தால் விட்டுவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவந்த இனம். ராயபுரம் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'தாய்ப்பூச்சி' என்று நினைத்து அத்தனையையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சோப்புத் தண்ணீரில் போட்டவள் நான். அடுத்த மாதம் மரமே வெளுத்தது. புழு தென்பட்டால் எதுவும் அடிக்காதீர்கள். தென்படாவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும்.

ஸ்ட்ராபெரி இலையை வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிலந்திப்பேன். எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. அதனால் பல பூச்சிமருந்துகள் அதை விட்டுவிட்டு, அதைத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிடும். நம் ஊர் வெயிலில் வாரத்துக்கு ஒரு தலைமுறை பெருகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், நூலாம்படை கட்டிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள். சித்திரைக்கு முன்னால் தொட்டியை நிழல்வலைக்கு அடியில் மாற்றிவிடுங்கள். மகாபலேஸ்வரம் குளிரில் விளைகிற செடி அது.