மண்ணைத் தின்றவனுக்கு ஏப்பம் வருமா?

வணக்கம் ஐயா,

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். மகள் ஒன்பதாம் தரம் படிக்கிறாள். சுற்றாடல் பற்றிய கட்டுரையில் ‘ஆற்று மணலை அள்ளி ஏப்பம் விட்டவர்கள்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடிட்டு ‘அநாகரிகம், மாற்றவும்’ என்று போட்டுவிட்டார். பத்திரிகையில் வருகிற சொல்தானே? வீட்டில் நாங்கள் ஏவறை என்றுதான் சொல்வோம். அப்படியென்றால் ‘ஏவறை விட்டவர்கள்’ என்று எழுதியிருக்கலாமா என்று மகள் கேட்கிறாள். மண்ணைத் தின்றவனுக்கு எப்படி ஏப்பம் வரும் என்பது அவளுடைய தம்பியின் கேள்வி. இரண்டு பேருக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் எழுதியது சரி. நாலு பேர் இருக்கிற இடத்தில் சத்தமாக ஏப்பம் விடுவது அநாகரிகமாக இருக்கலாம், அந்தச் சொல்லை எழுதுவதில் ஒரு அநாகரிகமும் இல்லை. புள்ளி குறையும் என்று பயந்தால் ‘சூறையாடியவர்கள்’ என்று மாற்றிக் கொடுக்கட்டும். ஆனால் அது மேடைப் பேச்சுச் சொல். சுரணை கெட்டவனுக்குச் சுடாது.

ஏவறையும் ஏப்பமும் அகராதியில் ஒன்றுதான். நம் வாயில் இரண்டுக்கும் வேறு வேறு வேலை. குழந்தைக்குப் பால் கொடுத்ததும் ‘தோளில போட்டு முதுகைத் தட்டு பிள்ளை, ஏவறை வரட்டும்’ என்பார் அம்மம்மா. அங்கே ஏப்பம் என்று சொன்னால் செய்தி வாசிக்கிறது மாதிரி இருக்கும். ஆனால் யாரோ ஒருவர் கோயில் காசை ஏவறை விட்டார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வேலைக்கு ஏப்பம்தான்.

இலக்கணத்தையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். ‘சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார்’ என்றால் எதை என்ற கேள்வியே இல்லை. ‘சீட்டுக் காசை ஏப்பம் விட்டார்’ என்னும்போது ஓர் ஐ உருபு வந்து ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான், விசயம் பொலிஸ் வரை போய்விடும்.

இந்த வழக்கில் காரம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் கனடாவில். காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பியிடம் விட்டிருப்பார். முதலில் வேலி ஒரு முழம் நகரும். அப்புறம் நாலு தென்னம்பிள்ளை வைப்பார்கள், மதில் வரும். கடைசியில் கள்ள உறுதி முடித்து மூன்றாம் ஆளுக்கு விற்றும் ஆகிவிடும். வேலி நகர்கிற காலத்தில் ஊரார் ‘காணியை அமுக்கப் பார்க்கிறான்’ என்பார்கள். காசு கைமாறிய பிறகுதான் ‘ஏப்பம் விட்டுட்டான்’ என்பார்கள். விழுங்கினவனைக் கக்க வைக்கலாம். ஏப்பம் வந்துவிட்டதென்றால் உள்ளே போனது செரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு அது சத்தமாக வருகிற சாமான். அண்ணன் வந்து படியில் நிற்கும்போது, தம்பி கதிரையைக் காட்டித் தேத்தண்ணி குடியுங்கோ என்பாரே, அந்தக் கூசாத முகமும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நம்பிக் கொடுத்த பொருள், அல்லது ஊருக்குப் பொதுவான பொருள். ஏப்பம் அதற்குத்தான் பொருந்தும். பஸ்ஸில் பேர்ஸ் அடித்தவன் வெறும் கள்ளன், அவனுக்கு இந்த மரியாதை கிடையாது. ஆற்று மணல் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் மகளின் வாக்கியம் கச்சிதம்.

கடல் ஏப்பம் விட்டது என்று எழுதுவது மட்டும் எனக்கு ஒத்துவருவதில்லை. கோணேசர் கோயிலையே எடுங்கள். 1622-இல் அதை இடித்த போர்த்துக்கேயர், அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டி உள்ளே குடியிருந்தார்கள். ஏப்பம் என்றால் அது! அந்தக் கோயிலிலிருந்து கடலுக்குள் போனதைக் கடல் வைத்துத்தான் இருந்தது. 1956-இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடியபோது, செதுக்கிய கற்கள் அங்கேயே கிடந்தன.

சரி, இனித் தம்பியாருக்கு.

ஏப்பம் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் சாப்பாட்டோடு விழுங்கிய காற்றுத்தான் திரும்பி வருகிறது. அவசரமாக அள்ளிப் போட்டாலும், கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டாலும் காற்று கூடப் போகும். சோடா குடித்தால் அதில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டும் சேரும். இரைப்பையின் மேற்பகுதி காற்றால் விரிந்ததும் வாசல் சற்றுத் திறந்து அதை வெளியே விடும். அதனால் வெறும் வயிற்றுக்காரனுக்கும் ஏப்பம் வரும். ‘பசியேப்பக்காரனும் புளியேப்பக்காரனும் கூட்டுப்பயிர் வைத்ததுபோல’ என்று பழமொழி சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒருவனுக்கு வயிறு காய்கிறது, மற்றவனுக்குத் தின்றது செரிக்காமல் எதுக்களிக்கிறது. ஏப்பம் இரண்டு பேருக்கும் உண்டு, கூட்டுத்தான் உருப்படாது.

தொண்டைத் தசை இளகாததால் ஏப்பமே விட முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2019-இல்தான் மருத்துவர்கள் அதைத் தனி நோயாக விவரித்து, அந்தத் தசையில் ஊசி போட்டு இளக்கலாம் என்று எழுதினார்கள்.

உண்மையான ஏப்பக்காரரைப் பார்க்க ஆசை என்றால் பையனைப் பிரட்றிக் கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். மர நிழலில் மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். மாடு, ஆடு, மான் எல்லாம் ஒரே சாதி வயிறு. உள்ளே நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் மெதேன் வாயுவில் பெரும்பங்கு வாய்வழியாகத்தான் வெளியேறும், பலர் நினைப்பதுபோல மற்ற வழியால் அல்ல. ஏப்பம் அடைபட்டால் மாட்டுக்கு இடது பக்க வயிறு ஊதிக்கொண்டு வரும். கவனிக்காவிட்டால் செத்துப்போகும்.

போகும்போது தின்பண்டத்தைப் பொலித்தீன் பையில் கொண்டுபோக வேண்டாம். மான்கள் பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அது வயிற்றில் அடைத்தால் அசைபோடுவதும் நின்றுவிடும், ஏப்பமும் நின்றுவிடும்.