பதில்: மேட்டில் ஏறும்போது குவாட் பைக்கின் முன்சக்கரம் தூக்குகிறது

வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் திராட்சைத் தோட்டம், குவாட் பைக்கின் (நான்கு சக்கரத் திறந்த வண்டி) பின் ரேக்கில், அதாவது சாமான் வைக்கும் தாங்கியில், 100 லிட்டர் மருந்துத் தொட்டி, அதோடு டிரெய்லரும் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்சக்கரம் தூக்குவதற்குக் காரணம் அந்தத் தொட்டிதான். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ; ரேக் தாங்கும் எடை பெரும்பாலும் அதைவிடக் குறைவு. டிரெய்லர் கொக்கியில் அழுத்தும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும், கையேட்டைப் பாருங்கள். முன்சக்கரம் லேசானால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது.

தொட்டியை இன்றே டிரெய்லருக்கு மாற்றுங்கள். அதன் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக வைத்து பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம். திரும்பும்போது தண்ணீர் ஒரே பக்கம் அலைந்து வண்டியைச் சாய்த்துவிடும். தண்ணீர் அலையாமல் தடுக்கும் உள்தடுப்பு உள்ள தொட்டி கிடைத்தால் நல்லது.

இழுவைக் கயிறோ சங்கிலியோ எதையும் ரேக்கில் மாட்டாதீர்கள், கொக்கியில் மட்டும்தான். இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். அதனால் இறங்கும் முன்பே லோ கியருக்கு மாறி, நடக்கும் வேகத்தில் இறங்குங்கள். சரிவில் குறுக்கே திருப்பவே வேண்டாம்.

அப்புறம், உங்கள் வண்டி பழையது என்றீர்களே. 2021 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் விற்கும் பொதுப் பயன்பாட்டுப் புது குவாட் பைக்குகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம். பழையதிலும் பொருத்தலாம், தயவுசெய்து பொருத்துங்கள்.