குப்புறவா, ஒருக்களித்தா? இடுப்பு முதுகெலும்பு இணைப்பு: வாசகர் கேள்வி-பதில்

கே: இணைப்பு அறுவைக்கும் (முள்ளெலும்புகளைப் பூட்டி ஒன்றாக்குவது) வில்சன் பிரேமையே (குப்புறப் படுத்தவரின் முதுகை வளைக்கும் வில் போன்ற தாங்கி) போடலாமா? டிஸ்க் எடுக்க அதுதானே வசதி? (தாதி, செந்தூல்)

டிஸ்க் மட்டும் எடுப்பதானால் தாராளமாகப் போடுங்கள். முதுகு குனியும், முள்ளெலும்பின் பின்தகடுகளான லாமினாக்களுக்கு நடுவே இடம் விரியும். இணைப்பு அப்படியல்ல. முள்ளெலும்புகளைப் பூட்டும் உலோகக் கம்பியை (ராட்) இறுக்கும்போது முதுகு எப்படிக் கிடக்கிறதோ அப்படியேதான் ஆயுசுக்கும். குனிந்த நிலையில் பூட்டிவிட்டால் உள்வளைவு போய்த் தட்டை முதுகுதான் மிஞ்சும். நிமிர்ந்து நிற்க முழங்காலை மடக்கிக்கொண்டே நடப்பார். இடுப்பு முதுகெலும்பின் உள்வளைவு ஏறக்குறைய 40 முதல் 60 டிகிரி. அதில் மூன்றில் இரண்டு பங்கு எல்4-க்கும் (நான்காவது இடுப்பு முள்ளெலும்பு) எஸ்1-க்கும் (அடியிலுள்ள திரிக எலும்பின் மேல்பகுதி) இடையில். நாம் அதிகம் இணைப்பதும் அங்கேதான்! முழங்காலை நெஞ்சுப்பக்கம் மடக்கிக் குப்புறக் கிடத்தும் முழங்கால்-நெஞ்சு நிலைக்கும் இதே வழக்கு. இணைப்புக்கு ஜாக்சன் மேசை (வயிற்றுக்கு இடம்விட்ட திறந்த சட்டம்), தொடை நீட்டி, வயிறு தொங்கட்டும். 'இருப்பதை வைத்துச் சமாளித்தோம்' என்பவர்கள், கடைசியாக இறுக்குவதற்கு முன் பிரேமின் கைப்பிடியைச் சுழற்றி வளைவைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே பார்க்கவாவது வேண்டாமா?

கே: வயிற்றுக்கடியில் தலையணை வைத்தும் ரத்தக்கசிவு குறையவில்லை.

வைத்ததால்தான் குறையவில்லை. எடுங்கள். வயிறு அழுந்தினால் உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையில் அழுத்தம் ஏறும். தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் வால்வில்லாத எபிட்யூரல் சிரைகள் புடைத்துக் கசியும். பேட் (மெத்தைத் திண்டு) நெஞ்சிலும் இடுப்பெலும்பிலும் மட்டும். வயிறு தொங்கட்டும்.

கே: அப்பாவுக்கு அறுவை முடிந்ததிலிருந்து வெளித்தொடை மரத்திருக்கிறது. (பட்டர்வொர்த்)

இடுப்பு பேட் தோல் நரம்பை அழுத்தியிருக்கலாம். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் தெளியும். அறுவை செய்த மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனை.

கே: ஒருக்களித்த நிலையில் சோவாஸ் (முதுகெலும்பின் பக்கத்தில் ஓடும் தசை) வழியாக எல்5-எஸ்1 இணைக்கலாமா? (பயிற்சி மருத்துவர், பினாங்கு)

முடியாது, இடுப்பெலும்பு முகடு மறிக்கும். எல்4-5-க்கே மேசையை நடுவில் அளவுமீறி வளைத்தால் சோவாஸ் இறுகித் தொடை நரம்பு இழுபடும். மேல்காலை இடுப்பில் மடக்கினால் தசை தளரும். ஒருக்களித்தவருக்கு அடியில் வைக்கும் உருளையை, அக்குள் உருளை என்ற பெயரை நம்பி அக்குளுக்குள் செருகாதீர்கள். சற்றுக் கீழே, விலாவில்.

கே: குப்புறப் போட்டபின் டிராலியை வெளியே தள்ளலாமா?

கூடாது. இதயம் நின்றால் நோயாளியை எதில் மல்லாக்கப் புரட்டுவீர்கள்?

கே: குப்புறப் போட்டால் கண்பார்வை போகுமாமே?

அரிது, ஆனால் போனால் திரும்புவது கடினம். கண்மேல் எதுவும் அழுந்தக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பாருங்கள். தலை இதயமட்டத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. வில்சன் பிரேமில் இறங்கும்.