சிறிய குழு ஒன்றில் அடுத்தடுத்துச் சிலர் இறந்துவிட்டால், அவர்களை எப்படி நினைவுகூர்வது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: முப்பது பேர்கூட இல்லாத குழு, ஓராண்டுக்குள் சிலர் போய்விட்டார்கள், அவர்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும், அந்த வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நான் இப்போது அதே இடத்தில்தான் இருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது ஒரு சின்ன ஹாம் வானொலிக் குழு. உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு மூலையில் நிலையம் அமைத்து, எங்கோ இருக்கும் இன்னொருவரோடு அலைவழியே பேசுகிறவர்கள். எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவரை ‘சைலன்ட் கீ’ என்போம். கீ என்பது மோர்ஸ் தட்டும் கருவி; அது மௌனமாகிவிட்டது என்று அர்த்தம். சுருக்கமாக எஸ்கே. தந்திக் காலத்திலிருந்தே எஸ்கே என்றால் ‘பேச்சு முடிந்தது’ என்ற குறி. மூன்று புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு கோடு. ஒவ்வொரு உரையாடலின் கடைசியிலும் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகிற குறி அது. அதையே ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் எழுத வேண்டி வரும்போது கை ஓடாது.

கடந்த பதினான்கு மாதங்களில் மூன்று பேர்.

முதலாமவருக்கு நான் எழுதிய குறிப்பை இப்போது எடுத்துப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. அன்பானவர், எளிமையானவர், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவியவர், அவருடைய மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. எதுவும் பொய்யில்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அவருடைய மகள் அதைப் படித்துவிட்டு நன்றி சொல்ல போன் செய்தார். வைக்கப் போகும் நேரத்தில், “அங்கிள், ராத்திரி முழுக்க அப்பா உங்களோட என்னதான் பேசுவார்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்த வீட்டுக்குத் தெரிந்தது சாத்திய கதவும் அதற்குப் பின்னாலிருந்து வரும் கீச்சொலியும்தான். எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர். அவர் எப்படி ஒரு தகப்பனாக இருந்தார் என்று நாங்கள் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அலையில் அவர் யாராக இருந்தார் என்பதை எங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. உங்கள் குழு நடைப்பயிற்சிக் குழுவோ, மொழிபெயர்ப்பாளர் குழுவோ, நோயாளிகளின் ஆதரவுக் குழுவோ எதுவாக இருந்தாலும் இதுதான் நான் முதலில் சொல்வது: உங்கள் குழு மட்டுமே பார்த்த பாதியை எழுதுங்கள். மற்ற பாதியைக் குடும்பம் வைத்திருக்கிறது.

அந்த மனிதரைப் பற்றி மறுபடியும் எழுதினேன். பழைய நேர்க் கீயில்தான் தட்டுவார், மின்னணுக் கருவி பக்கமே போகமாட்டார். கையால் தட்டும் மோர்ஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு. தந்திக்காரர்கள் அதை ‘ஃபிஸ்ட்’ என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். குரலைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிப்பது போல, தட்டும் நடையைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடலாம். இவர் ‘க்யூ’ எழுத்தின் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார், விட மனசில்லாத மாதிரி. கால் சைன், அதாவது உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அடையாளக் குறி, வருவதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும், அவர் வந்துவிட்டார் என்று. கடைசி இரண்டு வருடங்களில் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் எல்லோரும் அவரோடு பேசும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டோம். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் முடிக்கும்போது ‘க்யூஆர்எஸ்ஸுக்கு நன்றி’ என்று அனுப்பினார். க்யூஆர்எஸ் என்றால் ‘மெதுவாக அனுப்பு’.

இந்த ஒரு பத்தியைத்தான் அவருடைய மகளுக்கு அனுப்பினேன். அதற்கு மேல் சேர்க்க எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட விஷயம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டால், கேள்வியை மாற்ற வேண்டும். “அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் எல்லோரும் “ரொம்ப நல்ல மனுஷர்” என்பார்கள். அதற்கு மேல் நகராது. “கடைசியாக எதற்காக அவருக்கு போன் செய்தீர்கள்?” என்று கேளுங்கள். “அவருக்கு எதற்குக் கோபம் வரும்?” என்று கேளுங்கள். எனக்கு அதிகம் கொடுத்த கேள்வி, “அவர் கொடுத்த பொருள் ஏதாவது இன்னும் உங்களிடம் இருக்கிறதா?” என்பது. எங்கள் குழுவின் மிக மூத்தவர் அதற்குப் பதிலாக உள்ளே போய், செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்பு வளையத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஆன்டெனாவுக்காக அவர் சுற்றிக்கொடுத்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் எத்தனை சுற்று என்று பென்சிலால் எழுதி அதிலேயே ஒட்டியிருந்தார். ஒரு எண்ணை அடித்துவிட்டுத் திருத்தியிருந்தார். அவசரத்தில் சுற்றி, பிறகு உட்கார்ந்து மறுபடியும் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நீளம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் டைம்ஸ், இறந்தவர்களைப் பற்றித் தலைக்குச் சுமார் 200 சொற்களில் சின்னச் சின்னக் குறிப்புகள் வெளியிட்டது. 1,800 பேருக்கும் மேல். அவை பதவி, படிப்பு, பிறந்த தேதி என்று அடுக்கும் வழக்கமான இரங்கல் செய்திகள் அல்ல. அந்த ஆளுக்கே உரிய ஒரு ஆசையோ பழக்கமோ பிடிவாதமோ, அதைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். பெரிய நிறுவனத்தின் அதிகாரிக்கும் சமையலறைப் பணியாளருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு இடம். சிறிய குழுவுக்கு இது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். நன்றாகப் பழகியவருக்கு மூன்று பக்கமும் ஒதுங்கியே இருந்தவருக்கு மூன்று வரியும் எழுதினால், உயிரோடு இருக்கும் ஒதுங்கியவர்களும் அதைப் படிப்பார்கள்.

இரண்டாமவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர் எல்லோருக்கும் பிடித்தவர் அல்ல. எங்கள் ஞாயிற்றுக்கிழமை நெட்டை அவர்தான் நடத்துவார். நெட் என்றால் குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடுவது. யாராவது கூடுதலாக ஒரு நிமிடம் பேசினால் வெட்டிவிடுவார். அதனால் மனம் நொந்து இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள். இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். ஆனால் புயல் அடித்துத் தொலைபேசி எல்லாம் செத்துப்போன சமயத்தில், இரண்டு இரவுகள் தூங்காமல் ஒவ்வொரு செய்தியையும் நேரம் போட்டு எழுதி, யாரிடமிருந்து யாருக்கு, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஒன்றைக்கூட விடாமல் பார்த்ததும் அதே ஆள்தான். கறாரை மறைத்தால் இதையும் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதினேன். அச்சிடும் முன் அவருடைய மனைவியிடம் படித்துக் காட்டினேன். “வீட்டுலயும் அப்படித்தான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மாத்தாதீங்க” என்றார்.

குடும்பத்திடம் முன்கூட்டியே காட்டுவதைத் தவறவிடாதீர்கள். எப்படி இறந்தார் என்பதை அவர்கள் சொல்லச் சொன்னால் மட்டும் சொல்லுங்கள். வீட்டு முகவரி, இறுதிச் சடங்கு நடக்கும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்கிற மாதிரித் தகவல் எதுவும் வேண்டாம், அதுவும் விலையுயர்ந்த கருவிகள் இருக்கும் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது.

அப்புறம், செய்தியை உறுதி செய்துகொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் எங்களோடு தொடர்பிலிருந்த இன்னொரு குழுவில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் சைலன்ட் கீ ஆகிவிட்டதாக யாரோ அறிவித்துவிட்டார்கள். துக்கம் விசாரித்து அவருடைய மனைவிக்கே போன்கள் போயின, அவர் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில். பிழைத்து வந்தார் என்றாலும் அந்த அம்மா அந்தக் குழுவோடு பிறகு பேசவே இல்லை. அதிலிருந்து, குடும்பத்தில் ஒருவர் வாயால் கேட்காமல் நாங்கள் எதையும் அறிவிப்பதில்லை.

பொருட்கள் பற்றியும் சீக்கிரம் பேச வேண்டும். ரேடியோவுக்கு விலை உண்டு, அதை யாரும் எறியமாட்டார்கள். எறிவது காகிதத்தை. லாக் புத்தகம் என்பது ஒருவர் எந்த நாளில், எந்த நிமிடத்தில், யாரோடு பேசினார் என்ற கணக்கு. சிலருக்கு நாற்பது வருடத்துக் கணக்கு இருக்கும், அது ஒரு விதத்தில் அவருடைய நாட்குறிப்பு. அதோடு, பேசியதற்குச் சாட்சியாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் க்யூஎஸ்எல் அட்டைகள் பெட்டி பெட்டியாக இருக்கும். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் இவைதான் முதலில் பழைய பேப்பரோடு போகும். வியன்னாவில் இப்படிப்பட்ட அட்டைகளையும் வானொலி ஆவணங்களையும் சேர்த்துக் காக்கும் காப்பகமே இருக்கிறது, பல லட்சம் அட்டைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. உங்கள் குழுவிலும் இந்த மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். குறிப்பேடு, கையெழுத்துப் பிரதி, பதிவு செய்த ஒலி. அது என்ன என்று குடும்பத்துக்குத் தெரியாது. நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

கால் சைனும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒருவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய கால் சைன் வேறொருவருக்குப் போகலாம். அதனால் அங்கே சில குழுக்கள் குடும்பத்தின் சம்மதத்தோடு தங்கள் உறுப்பினரின் கால் சைனைக் குழுவின் பெயரில் வாங்கி வைத்துக்கொள்கின்றன. 1914-இல் அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கத்தை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம் 1936-இல் இறந்தார். அவருடைய டபிள்யூ1ஏடபிள்யூ என்ற குறியில்தான் அந்தச் சங்கத்தின் தலைமை நிலையம் இன்றும் ஒலிபரப்புகிறது. ஜோர்டான் மன்னர் ஹுசைனும் ஹாம்தான். அவர் 1999-இல் இறந்தார். 2018-இல் ஏவப்பட்ட ஒரு சிறிய செயற்கைக்கோளுக்கு அவருடைய கால் சைனான ஜேஒய்1-ஐ வைத்தே பெயர் சூட்டினார்கள். இறந்தவர் தினமும் தன்னை எந்தப் பெயரில் அறிவித்துக்கொண்டாரோ, அந்தப் பெயரைப் புழக்கத்தில் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த அஞ்சலி.

எங்களால் முடிந்தது சிறியது. இறந்தவருக்குப் பிறகு வரும் முதல் நெட்டில், வருகைப் பட்டியலில் அவருடைய முறை வரும்போது அவர் கால் சைனை வழக்கம்போல ஒரு முறை கூப்பிடுவோம். பிறகு அரை நிமிடம் யாரும் பொத்தானை அழுத்தமாட்டோம். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

முதலாமவரின் மகள் பிறகு ஒரு நாள், அப்பா பேசியது ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு நண்பர் தன் கணினியில் பழைய நெட் பதிவுகளை வைத்திருந்தார். தேடியதில் நான்கு நிமிடம் கிடைத்தது. மோர்ஸ்தான், குரல் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் அவருக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வானிலை, புதிதாகக் கட்டிய ஆன்டெனா, அதில் ஏதோ கோளாறு. கடைசியில், ‘சீக்கிரம் போக வேண்டும், மகள் ரயிலில் வருகிறாள், 73’. 73 என்றால் எங்கள் வழக்கில் அன்பான வாழ்த்துகள். அதைத் தொடர்ந்து எஸ்கே குறி. அவர் பதிவின் தேதியைக் கேட்டார். சொன்னேன். திரும்பவும் போடச் சொன்னார். இந்த முறை நான் மொழிபெயர்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மூன்றாமவரைப் பற்றி இன்னும் எழுதி முடிக்கவில்லை. பேசாத மனிதர். பதினோரு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் நெட்டுக்கு வந்து, தன் கால் சைனைச் சொல்லி, “நோ டிராஃபிக்” என்று மட்டும் சொல்வார். சொல்வதற்குச் செய்தி எதுவும் இல்லை என்று அர்த்தம். பிறகு கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாமவர் எழுதி வைத்த நெட் லாக் புத்தகங்களை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பக்கத்திலும் இவர் பெயருக்கு நேரே அதே இரண்டு சொல். ஒரே ஒரு ஞாயிறு மட்டும், ‘வடக்கே இருக்கும் புதியவருக்கு சிக்னல் எட்டவில்லை, நான் செய்தியைக் கடத்துகிறேன்’ என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் புதியவர் இப்போதும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். வரும் சனிக்கிழமை அவரோடு பேச நேரம் கேட்டிருக்கிறேன்.