அடைப்புக்குறிக்குள்ள பேசினதுக்குப் பஞ்சாயத்தா?

மன்னார்குடி நண்பருக்கு,

டிஸ்கார்டு சாட்ல நடக்கிற உங்க சோழர் கால ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமா எழுதி நடிக்கிற விளையாட்டு) நடுவுல ஒருத்தர் "((த்ரீ பேஸ் வந்துடுச்சு, மோட்டார் போட்டுட்டு வரேன்))"னு போட, ரெண்டு சீனியர்கள் அதே சேனல்லயே இருபது வரிக்கு வகுப்பெடுத்தாங்கன்னு சொல்றீங்க. காட்சியைக் கெடுத்தது அந்த இருபது வரிதான்!

இரட்டை அடைப்புக்குறின்னா பாத்திரத்தை விட்டு வெளியே வந்து சொந்தமா பேசுறதுன்னு அர்த்தம்; அதுக்குள்ள ஒரு வரின்னா விடுங்க. அதுக்கு மேல போனா தனி ஓஓசி (அவுட் ஆஃப் கேரக்டர், அதாவது பாத்திரத்துக்கு வெளியே பேசுற) சேனல். டிஸ்கார்டுல சீனியர் ரோலுக்கு மெசேஜ் அழிக்கிற அனுமதி இருந்தா எடுத்துடுங்க. புகார் எல்லாம் மாடரேட்டருக்குத் தனிமெசேஜ்ல. ஒரு மெசேஜுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி விட வைக்கிற ஸ்லோமோட் வேண்டாம், ஒழுங்கா நடிக்கிறவங்களும் சேர்ந்து காத்துக் கிடக்கணும். சொல்லியும் கேட்காதவருக்கு 10 நிமிஷ டைம்அவுட் (அதுவரைக்கும் மெசேஜ் போட முடியாது) போதும்.

நிஜமா கண்டிக்க வேண்டியது மெட்டாகேமிங்கை, அதாவது பாத்திரத்துக்குத் தெரியாத விஷயத்தை ஆடுறவர் தெரிஞ்சுக்கிட்டு கதைக்குள்ள பயன்படுத்துறதை. ஆள் வயல்ல இருக்கார்னு தெரிஞ்சு அவரோட தளபதியை எவனாவது குத்தினா, அந்தக் காட்சியே செல்லாதுன்னு அறிவிச்சிடுங்க.